மரத்துப்போக நாற்பத்தைந்து நிமிடம்

கருங்கலில் என்னைத் தெரியாத மருந்துக்கடை இல்லை என்று
தக்கலைவரை பஸ் ஏறிப் போனேன்.
பின்னால் ஆறு பேர் நிற்கையில்
"மூலத்துக்கா?" என்று கேட்டான் கடைப் பையன்.
இல்லை தம்பி, கைக்கு.
கைக்கு என்னத்துக்கு?
பச்சை குத்த.
நிமிர்ந்து பார்த்தான்,
நரையை, தாலியை,
என் நாற்பத்தாறு வயதை.
பிறகு கண்ணாடிமேல் ட்யூபை வைத்தான்.
லிடோகெய்ன், ஐந்து சதவீதம்.
விலையை மட்டும் உரக்கச் சொன்னான்.

பக்கத்து வீட்டுப் பையன் ஆன்லைனில் வரவழைத்தது வேறு:
மஞ்சள் டப்பா, பாய்கிற புலி,
எட்டு மணி நேரம் வலியே இல்லை என்று சத்தியம்.
உள்ளே என்ன சேர்த்திருக்கிறது என்று
ஒரு பக்கத்திலும் எழுதவில்லை.
எங்கள் அண்டி ஆபீஸில்
எடை போடாத மூட்டையை யாரும் அவிழ்ப்பதில்லை.
புலியைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஜெப்லினின் கடை மார்த்தாண்டத்தில், இரண்டாம் மாடி.
ஜன்னலுக்கு நேரே மேம்பாலத்தில்
லாரிகளின் கூரை ஓடும்.
ட்யூபைக் கண்ணருகே பிடித்துப் படித்தான்,
காலாவதித் தேதியை இரண்டு தடவை.
"முந்தின நாளே ஒரு பொட்டுப் போட்டுப் பாக்கணும், ரெத்னபாய் அக்கா.
செவந்தா வேண்டாம்.
கை முழுக்க வாரி அப்பவும் கூடாது.
நெஞ்சு படபடத்தாலோ உதடு மரத்தாலோ
உடனே சொல்லணும், கேட்டியளா?"

எங்கே பொட்டு வைக்க?
விரல்நுனியில் வை என்றேன், சிரிப்புக்கு.
அவன் சிரிக்கவில்லை.
இருபத்திரண்டு வருஷமாக
அண்டியெண்ணெய் தின்ற பத்து விரல்.
தோசை திருப்ப எனக்குக் கரண்டி வேண்டாம்.
மகளுக்குக் காய்ச்சலா என்று
புறங்கையால்தான் பார்ப்பேன்.

மரத்துப்போச்சு என்கிறோம்.
மரத்துக்கு என்ன, மரமா மரத்திருக்கிறது?
குலசேகரத்தில் ரப்பர் வெட்டுகிறவனைக் கேளுங்கள்.
ஒரு நூல் ஆழம் கூடினால்
பட்டை வருஷக்கணக்கில் மறப்பதில்லை.

மறுநாள் தோல் சிவக்கவில்லை.
சுவருக்குச் சுண்ணாம்பு போல முழங்கையில் கனமாக அப்பி
சோறு பொதிகிற பிளாஸ்டிக் தாளால் சுற்றினான்.
நாற்பத்தைந்து நிமிடம்.
டீ வந்தது. பழம்பஜ்ஜி வந்தது.
படம், சாரைப்பாம்பு.
முழங்கையில் வால், மணிக்கட்டில் தலை,
எண்ணெய் தெறித்த வடுக்களெல்லாம் செதிலாகிவிடும்.
ஏன் பாம்பு என்று ஏழு பேர் கேட்டாயிற்று.
ஏன் விரல் கறுப்பு என்று
யாரும் கேட்டதில்லை.

துடைத்துவிட்டுத் தொடங்கினான்.
முதல் மணி நேரம்
அடுத்த வீட்டில் யாரோ தையல் மிஷின் மிதித்தார்கள்.
என் கையை ஊரார் கை போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இரண்டாவதில் சிற்றெறும்பு.
பிறகு கட்டெறும்பு.
பிறகு, எளவு, குளவிக்கூடு.

ஊசியை நிறுத்தினான்.
"குத்தின தோலுக்கு இந்தக் கிரீம் ஆகாது.
அதுக்கு ஸ்ப்ரே ஒண்ணு இருக்கு,
எனக்கே அதுமேல அரை நம்பிக்கைதான்.
பல்லைக் கடிச்சா இன்னும் ரெண்டு மணி நேரம்.
இல்லன்னா மீதி அடுத்த மாசம்."
பல்லைக் கடிப்பது எனக்குப் பழக்கம்தான்.
அந்தப் பழக்கத்துக்கா காசு கொடுத்து வந்தேன்?
அடுத்த மாசம் என்றேன்.

கருங்கல் பஸ்ஸில் ஜன்னல் கம்பி
மணிக்கட்டில் குளிர்ந்தது.
அங்கே இன்னும் தலை வரவில்லை.

பத்து நாள் லீவு எழுதினேன். காரணம்: கையில் காயம்.
எண்ணெய் தெறித்ததா என்று மேஸ்திரி கேட்டார்,
இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக.
ஆமாம் என்று சொல்லிவிடலாம் போலிருந்தது.

மீதி ட்யூப் அலமாரியில்,
அரிசிச் சாக்குக்குப் பின்னால் இருக்கிறது.
கொழுந்தனுக்கு மூலம் உண்டு.
அவர் கண்ணில் பட்டால்
பாம்புக்குத் தலை கிடைக்காது.