குதிகால் ரப்பர்

அரண்மனைப் பக்கம் முதல் கடையில்
"பிள்ளைக்கு எத்தனை வயசு?" என்றார்.
நாற்பத்திமூன்று என்றேன்.
வந்த சிரிப்பை
இருமலாக்கி விழுங்கினார்.
விளக்கெரியும் சக்கரங்கள், இளஞ்சிவப்பு வார்கள்.
என் பாதம் ஒன்பதாம் நம்பர்.
நாய்க்காக என்று சொல்லியிருக்கலாம்.
சொன்னால்
நாய்க்கு ரெண்டு ஜோடி வேணுமே என்பார்.

நாயும் என்னுடையதில்லை.
வாலிநோக்கம் உப்பள எடைமேடைக்குப்
பங்குனியில் வந்தது ஒரு பதினாலு சக்கர லாரி.
ஏற்றியது இருபத்தோரு டன்.
ரசீது எழுதியவள் நான்.
இறக்கியதற்கு ரசீது இல்லை:
சிப்பிப்பாறைச் சாதி, முதுகோடு ஒட்டிய வயிறு,
ஓட்டம் தவிர வேறு வேலை தெரியாத நாலு கால்.

அன்றிலிருந்து
எந்த லாரி கிளம்பினாலும் பின்னால் ஓடும்.
எண்பலகையைப் படிப்பதுபோல்
முகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும்.
முக்கால் கிலோமீட்டர் போய்
அது இல்லை என்று திரும்பும்.
நாளைக்கு முப்பது லாரி.

கச்சான் என்று பெயர் வைத்தேன்.
அந்தக் காற்றுக்கும் நிற்கத் தெரியாது.

விடியலில் எட்டு கிலோமீட்டர் ஓடவிடுங்கள்,
பகலில் கிடையாய்க் கிடக்கும்
என்றார் கால்நடை மருத்துவர்.
கூட ஓடுவது யார்?
என் முட்டியின் படத்தை
எலும்பு டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் உறையில் போட்டார்.
சைக்கிளில் போனோம்.
கயிறு கம்பிகளில் சுற்றி
சைக்கிள், கச்சான், நான்
மூவரும் பாத்திக்குள்.

மதுரையில் அது ஒரு மாடிக் கடை.
நவநீதன் என்ற பையன் மண்டியிட்டு
என் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டான்.
"எங்கக்கா ஓட்டுவீங்க?"
அதுவரை யாரும் கேட்காத கேள்வி.
தார் ரோடு. லாரியிலிருந்து சிந்திய கல்லுப்பு.
ஆடியில் ரோட்டின் குறுக்கே
மணல் படுத்திருக்கும் என்றேன்.

சின்னச் சக்கரங்களை ஒவ்வொன்றாக ஓரம் கட்டினான்.
ஒரு கல்லுப்பு போதும், தலைகுப்புற.
கெட்டிச் சக்கரத்தை நகத்தால் தட்டினான்,
டிக் டிக் என்றது: இது வழவழத் தரைக்கு.
மெத்தென்றதை என் கட்டைவிரலில் வைத்து
அமுக்கிப் பாருங்க என்றான்.
கொஞ்சம் அமுங்கியது, பழுக்கப் பார்க்கும் மாங்காய் மாதிரி.

பிறகு அவன் ஆசைப்பட்டதை எடுத்தான்:
நீலம், மூன்றே சக்கரம், ஒவ்வொன்றும் சாத்துக்குடி விட்டம்.
சுழற்றிவிட்டான்.
இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம்,
அது நிற்கவேயில்லை.

"நிறுத்துவது எப்படி தம்பி?"
பழகினால் காலைக் குறுக்கே வைக்கலாமாம்.
எனக்கு முன்னால் இருபது கிலோ இழுக்கும்,
அதற்கு முன்னால் ஒரு லாரி போகும்,
நான் எப்போது பழக?

சாம்பல் நிறத்தில்
ஆஸ்பத்திரி பெஞ்சு போல் ஒன்று மூலையில் கிடந்தது.
சக்கரம் பெரிது, மெது.
குதிகாலில் ஒரு ரப்பர்க் கட்டை.
அதையே கட்டு என்றேன்.
கூட இரண்டு ரப்பர்,
முதலில் தேயப்போவது அதுதானே.

மூன்று வாரம் நாயில்லாமல் விழுந்தேன்.
பிறகு இடுப்பில் பட்டை,
இழுத்தால் கழன்றுகொள்ளும் கொக்கி.
உப்புக்காற்றில் சக்கரத்துக்குள் குண்டுகள் துருவேறும்;
இரவில் அவை
மண்ணெண்ணெயில் ஊறும், சோற்றுக் கிண்ணம் ஒன்று போனது.

நேற்று, இருட்டு பிரியும் நேரம்.
மூன்றாவது கிலோமீட்டரில்
உப்பு ஏற்றிய லாரி ஒன்று எங்களைக் கடந்தது.
கயிறு
நங்கூரக் கயிறாய் விறைத்தது.
கொக்கியில் கை போனது. போய், திரும்பியது.
முட்டியை மடக்கிக் குதிகாலை அமுக்கினேன்.
ரப்பர் அலறியது,
உப்பங்கழியில் நின்ற நாரைகள் எழும்பின,
கச்சான் பின்கால்களில் உட்கார்ந்துவிட்டது.

வந்து என் குதிகாலை மோந்தது.
கருகல் வாடைக்கு இரண்டு தும்மல்.
மறுபடி லாரியைப் பார்த்தது,
சிவப்பு விளக்குகள் சிறுத்துக்கொண்டிருந்தன.

எண்ணை நான் படித்திருந்தேன்.
ஏழு வருஷமாக எனக்கு வேலையே அதுதான்.
அது இல்லைடா என்றேன்.

எட்டில் இன்னும் ஐந்து பாக்கி.