பெயரிடப்படாத படம்

வாய்தாவுக்கு வந்தவர் மாதிரி
நாற்காலி நுனியில் உட்கார்ந்தார் வில்பிரட் சார்.
"எல்லாத்தையும் ஏத்திட்டேன்மா.
பன்னெண்டு பாடம், நூத்தி நாப்பது ஸ்லைடு.
இன்னும் என்ன?"

நான் மானிட்டரை அணைத்தேன்.
ஹெட்போனை அவர் காதில் மாட்டி
டில்லிபாபு தினமும் கேட்கிற குரலை ஓடவிட்டேன்.

"ஸ்லைடு ஒன்று. படம்.
ஸ்லைடு இரண்டு. படம்.
ஸ்லைடு மூன்று. பெயரிடப்படாத படம்."

ஏழு வரை பொறுத்தார்.
எட்டில் அவர் குரலே வந்தது:
"இந்தப் படத்துல பார்க்கிற மாதிரி..."
ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.
கீழே டி.எச். ரோட்டில் டிரெய்லர்கள்
நகராமல் உறுமிக்கொண்டிருந்தன.

இருபத்திரண்டு வருஷமாய்
கரும்பலகையில் ஒரே இழுப்பில் போடுகிற கோடு.
அதற்கு ஒரு வாக்கியம் கேட்டால்
அவரிடம் இல்லை.
"தேவை வளைகோடு" என்று அடித்தார்.
அது பேர்தான் சார்.
"கீழ்நோக்கிச் சரியும் கோடு."
எங்கிருந்து சார்? எது வரைக்கும்?
அடித்தார், அழித்தார்.
டீ ஆறி ஆடை கட்டியது.

அதை அப்படியே விட்டு
ஷெரினுக்காக வீடியோவைத் திறந்தோம்.
பேசுவதை மெஷினே அடியில் எழுதித் தரும்.
தந்தது.
தேவை வளைகோடு அதன் காதில்
"தேவி வளையல் கூட."
அளிப்பு, அழைப்பு.
"இன்னா, புரியுதா?" என்று அவர் கேட்ட இடத்தில்
"கண்ணா பிரியுதா?"
சார் சிரித்து நான் பார்த்தது
அன்றைக்குத்தான்.

வரி வரியாய்த் திருத்தினோம்.
பதினோராம் நிமிடத்தில் பேச்சு நிற்கிறது.
அவர் வீட்டு ஜன்னலுக்கு நேரே கூட்ஸ் வண்டி
விடாமல் ஊதிக்கொண்டு போகிறது.
அதற்கு மெஷின் எழுதியிருந்தது: "இசை."

"வெட்டிடலாமா?"
வேணாம் சார். ஆனா எழுதணும்.
அவளுக்கு உங்க வாய் மூடியிருக்கிறது மட்டும்தான் தெரியும்.
கோபமா, மறதியான்னு
அவ என்னத்தைக் கண்டா?

அவரே அடித்தார், இரண்டு விரலால்:
"கொருக்குப்பேட்டை கேட்டில் சரக்கு வண்டி.
சார் காத்திருக்கிறார்."

எண்ணூரில் நைட் ஷிப்ட் முடித்து
பஸ்ஸில் நின்றுகொண்டே பாடம் பார்க்கிறான் ஹேமநாதன்.
அவன் ஒரு நாள் டேட்டாவை
சாரின் முதல் வீடியோ ஒரே மூச்சில் குடித்துவிடும்.
அதைச் சுருக்கினேன்.
குரலை மட்டும் தனியாகவும் எடுத்துவைத்தேன்.

முதல் பக்கத்தில் சிவப்பு எழுத்து:
"தாமதமாக வரும் ஒப்படைப்புகள் ஏற்கப்படமாட்டா."
நான் எதுவும் சொல்லவில்லை,
அந்தக் குரலைக் கொண்டு
அதையும் ஒருமுறை படிக்கச் சொன்னேன், அவ்வளவுதான்.
ராத்திரி பார்த்தால் மாறியிருந்தது:
"லேட்டானால் ஒரு வரி எழுதுங்கள். பேசிக்கொள்ளலாம்."

சனிக்கிழமை, விடிவதற்குள் போன்.
பின்னால் ஏலம் கூவுகிற சத்தம்,
ஐஸ் உடைக்கிற சத்தம்.
"கோடு கெடச்சிருச்சும்மா. எழுதிக்க."
படுக்கையில் இருந்தபடி எழுதிக்கொண்டேன்:

"காசிமேடு. வஞ்சிரம் கிலோ ஆயிரத்து இருநூறு எனும்போது
கூடையோடு நிற்பவர் நாலு பேர்.
எண்ணூறு என்றால் பத்துப் பேர்.
நானூறு என்றால் நிற்க இடமில்லை.
விலை இறங்க இறங்க வாங்குகிறவர்கள் கூடுகிறார்கள்.
இடப்பக்கம் உயரத்தில் தொடங்கும் கோடு
வலப்பக்கம் தரையை நோக்கி
வழுக்கிக்கொண்டு வருகிறது."

நூத்தி முப்பத்தொன்பது படம் பாக்கி.

திங்கட்கிழமை டில்லிபாபுவிடமிருந்து குரல் செய்தி.
"சார், கோடு நல்லா தெரியுது.
ஆனா நானூறுக்கு வஞ்சிரம் யார் சார் தர்றா?
எங்க வீடு அங்கதான்.
சங்கராவா இருக்கும். கேட்டுப் பாருங்க."