பதினோரு வெரி

அஸ்தம்பட்டி கோர்ட்டுக்கு எதிர்வரிசையில்
ஜெராக்ஸ் கடையின் பின்பாதி என்னுடையது.
தமிழில் சொன்ன சாட்சியம் மேல்முறையீட்டுக்குக் கிளம்பும்போது
இங்கிலீஷ் சட்டை மாட்டி அனுப்புகிறேன்.
பக்கத்துக்கு அறுபது ரூபாய்,
நாளைக்கே வேண்டுமென்றால் எண்பது.

இந்தக் கட்டு ஏற்காட்டு மலைப்பாதை,
பதினேழாவது கொண்டை ஊசி,
காப்பி மூட்டை ஏற்றிய பிக்கப்.
இரண்டாம் சாட்சி பொன்னரியாள், மஞ்சக்குட்டை,
வயது நாற்பத்தொன்று, மிளகு பறிக்கும் கூலி.
எழுதிய குமாஸ்தா அவள் பேச்சை
அப்படியே விட்டிருந்தார். அபூர்வம்.

'கும்மிருட்டுங்க.'
வெரி டார்க்.
'லைட்டு பட்ட எடமெல்லாம் பனி வெள்ளை வெளேர்னு.'
வெரி ஒயிட்.
'தம்பி போட்டிருந்தது புத்தம்புதுச் செருப்பு,
செக்கச்செவேல்னு வாரு.'
வெரி நியூ. வெரி ரெட்.
'தன்னந்தனியா முன்னாடி நடந்தான்.'
வெரி அலோன் என்று அடித்துவிட்டு யோசித்தேன்,
அப்படி யாராவது நடப்பார்களா இங்கிலீஷில்?

கும் இருட்டோடு மட்டும் குடியிருக்கும்.
வெளேர் வெள்ளையை விட்டு வராது.
செவேலைக் கூப்பிட்டுப் பச்சைக்குப் போ என்றால் முறைக்கும்.
வெரிக்கு அந்த ரோஷமில்லை,
வாடகை சைக்கிள்,
யார் ஏறினாலும் போகும்.

வக்கீல் ஜெசிந்தா சிவப்பு மையில் திருப்பி அனுப்பினார்:
'ஒரே பக்கத்தில் பதினோரு வெரி.
வேறு வார்த்தையே இல்லையா?'

இருக்கிறது.
எக்ஸ்ட்ரீம்லி, அது ஆஸ்பத்திரிச் சீட்டில் வருவது.
ஹைலி, மலைமேல் நடந்த வழக்கென்பதால் சிரிப்பு வந்தது.
டெரிபிளி என்றால் பயங்கரமாக. நாமும்தான்
பயங்கர அழகு என்று சொல்லிக்கொள்கிறோம்.
க்வைட்டை நம்பக் கூடாது,
ஒரு நாள் முழுசு, ஒரு நாள் அரைகுறை,
எதிர்க்கட்சி வக்கீல் கையில் கிடைத்தால் போச்சு.
பள்ளிக்கூடத்தில் நனி, தவ, சால, உறு, கூர், கழி
என்று ஆறு பேர் இருந்தார்கள்,
ஒரு மதிப்பெண் வாங்கிக் கொடுத்தார்கள்.
அப்புறம் ஜங்ஷன் பஸ்ஸில் என்னோடு ஏறியது
ரொம்ப மட்டும்.

கும்மிருட்டுக்கு பிட்ச் டார்க் கிடைத்தது.
பிட்ச் என்றால் தார்.
அந்த ரோட்டில் கிடப்பதும் அதுதான்.

ஒவ்வொரு வெரிக்கும் எதிரே
தமிழில் என்ன இருக்கிறதென்று பென்சிலால் குறித்தேன்.
பத்துக்கு இருந்தது.
பதினொன்றாவது, கீழிருந்து ஆறாவது வரி:
இட் கேம் வெரி ஃபாஸ்ட்.
மூலத்தைப் புரட்டினேன்.
கேள்வி: வண்டி வேகமாக வந்ததா?
பதில்: வந்துச்சுங்க.

அவ்வளவுதான்.
செருப்பு வாருக்குச் செக்கச்செவேல் கொடுத்தவள்
வண்டிக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.
அந்தப் பனியில் எதைப் பார்த்தாளோ
அதை மட்டும் சொல்லியிருக்கிறாள்.
நான்தான் இங்கே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து
ஆக்சிலேட்டரை மிதித்திருக்கிறேன்.
பழக்கமா, செருப்பைப் படித்துவிட்டு வந்த கோபமா,
எனக்கே தெரியவில்லை.
முதல் பக்கத்தில் ஓட்டுநர் பெயர்: தீர்த்தகிரி, வயது இருபத்து நான்கு.

பேக்ஸ்பேஸ் ஐந்து தட்டு.
நாலு எழுத்துக்கு நாலு,
இடைவெளிக்கு ஒன்று.

மற்றவற்றில் மூன்றை மாற்றினேன்,
ஏழை அப்படியே விட்டேன்.
திட்டினால் திட்டட்டும்.

கடைசிக் கேள்விக்கு அவள் பதில்
'தம்பி செத்துப்போச்சுங்க.'
ஹீ டைட் என்று அடித்திருந்தேன்.
செத்தவனுக்கு முன்னால் வெரி போடக் கூடாது,
அது அவர்கள் இலக்கணம், சரிதான்.
ஆனால் அந்தப் 'போச்சு' இருக்கிறதே,
அதை எங்கே வைப்பதென்று பார்த்துக்கொண்டிருக்கையில்
ஜெராக்ஸ்காரர் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு
'அக்கா, நேரமாச்சு' என்றார்.