ஈறு கெட்ட சொற்கள்

யாழ் போதனா வைத்தியசாலை,
ஜன்னலோரக் கட்டில்.
சிவயோகவதி, அறுபத்தொன்பது, கைதடி.
மூளையின் இடப்பக்கம் அடைப்பு.
வலக்கை எழும்பாது.
தமிழும் எழும்பவில்லை.

மீன் படத்தைக் காட்டினேன்.
"இக்கே" என்றா.
நிலாப் படத்துக்கு "பூலே".
நெற்றியைத் தொட்டு "சாக்கி",
அதன் கடைசியில் தொண்டைக்குள் ஒரு கதவு
பட்டென்று சாத்திக்கொண்டது.

பேச்சுப் பயிற்சிப் படிவத்தில் எழுதினேன்:
ஈற்றெழுத்து விடுபடுகிறது.
தெருப் படத்துக்கு "ஜாலே" என்றவ
தன் காலைக் காட்டி "ஜ்ஜாலே" என்றதும்
அடுத்த கட்டத்தில்: சொல் முதலில் திக்கல்.
மூன்று நாள் அதையே திருத்தினேன்.
உதடு, நாக்கு, கண்ணாடி, திரும்ப உதடு.
பிழை விட்ட பிள்ளையைப் பார்ப்பது போல
அவ என்னைப் பார்த்தா.

"அவ பிறந்தது மலாயாவில, மிஸ்.
கிளந்தான், குவாலா கிராய்.
தேப்பன் ஸ்டேஷன் மாஸ்டர்.
எட்டு வயசில வந்தவ. அந்தப் பாஷை
ஒரு சொல் கதைச்சு நான் கேட்டதில்லை."
புருஷன் கனகலிங்கம்,
இடியப்பப் பார்சலை அவிழ்க்காமலே.

அங்கேயே நின்றுவிட்ட அண்ணர்
வாட்ஸப்பில் வந்தார், கோத்தா பாருவிலிருந்து.
அவருக்கும் மீன் "இக்கே".
அவரும் ஈற்றை விழுங்கினார்,
அதே இடத்தில், அதே கதவுச் சத்தத்தோடு.
ஏதோ பழைய சண்டையைப் பிடித்து
இரண்டு பேரும் சிரித்தார்கள்.
அங்கே எல்லாரும் அப்படித்தானாம்.
ஜாலே என்றால் தெரு.
முதலெழுத்தை அழுத்தி
ஒரு கணம் பிடித்து விட்டால், நடப்பது.

தமிழில் ஒரு சொல்லும் அப்படித் தொடங்காது.
ஆனால் ஓடாக் குதிரையை
ஈறு கெட்ட பெயரெச்சம் என்று
சோதினைக்குப் பாடமாக்கியவள் நான்.
அந்தக் குதிரைக்கு யாரும்
பரியாரம் பார்த்ததில்லை.

படிவத்தைக் குறுக்கே வெட்டினேன்.
தொண்டைக் கதவுக்கு எழுத்துத் தேடியபோது
எஃகுக்கும் அஃதுக்கும் காவல் நின்று
மிச்ச நேரம் சும்மா இருந்த
மூன்று புள்ளி கை கொடுத்தது:
சாக்கிஃ.

அடைப்பின் பங்கு எவ்வளவு, கிளந்தானின் பங்கு எவ்வளவு,
எனக்கு இன்னும் முழுசாகப் பிரியவில்லை.
இன்று கைப்பிடியைப் பிடித்து எழும்பி
"ஜ்ஜா" என்றா.
காத்திருந்தேன்.
"லே" வரவில்லை.
இது வருத்தம்.
இதை எழுதிக்கொண்டேன்.