கடன் தரமாட்டோம் போ

எங்கள் கடைப் புத்தகங்களின் பின்மட்டைக்குள்
வலது மூலையில் பென்சிலால் ஓர் எழுத்தோ இரண்டோ இருக்கும்.
கண்டவர்கள் சின்னப்பிள்ளை கிறுக்கியது என்பார்கள்.
அது நாங்கள் வாங்கிய விலை.

பத்து எழுத்து, ஒன்றிலிருந்து பூச்சியம் வரை:
க ட ன் த ர மா ட் டோ ம் போ.
கர என்றால் பதினைந்து ரூபாய்.
கஸ்தூரியார் வீதியில் ஒரு கதவு அகலத்துக்குக் கடை திறந்த கிழமை
அப்பப்பா இளையதம்பி கண்டுபிடித்த குறி.
கண்டுபிடித்தவர்தான் ஊர் முழுக்கக் கடன் கொடுத்தார்.
அவருடைய கடன் கொப்பி
விற்ற கொப்பியைவிடத் தடிப்பு.

செத்தவீட்டுப் புத்தகங்கள்தான் எங்கள் சரக்கு.
மலாயாப் பென்சன்காரர்கள், பிரக்கிராசிமார், சாத்திரிமார்.
அந்தியேட்டி முடியுமுன் ஒரு படலையும் தட்டமாட்டார்.
முப்பத்திரண்டாம் நாள் காலை
மதிலோடு சாய்ந்து நிற்கும் அவருடைய சைக்கிள்.

இன்னொரு சட்டமும் வைத்தார்:
முத்திரை குத்தினது வாங்கப்படாது.
பள்ளிக்கூடம், கோடு, கோயில், நூலகம்,
எதுவானாலும்.

எழுபத்தொன்பது ஆவணியில்
பதிவேட்டில் அப்பாவின் சாய்ந்த கையெழுத்து.
கடலேரியின் ஆழங்களை அளந்து
ஆரோ ஒரு துரை அச்சடித்த வரைபடப் புத்தகம்.
விலை இருபத்தைந்து ரூபாய்.
விற்றவர் பெயருக்கு ஒரு கோடு.
மூன்றாம் பக்கத்தில் ஊதா நிறத்தில்
நூலக முத்திரை.

பெரியப்பா கண்டுபிடித்தார்.
இரண்டு வருசம் அப்பாவோடு பேசவில்லை.
ஒரே கடைக்குள் நின்றபடி
புத்தகம் வாங்க வந்தவர்களிடம் சொல்லிவிடுவார்:
'உவரிட்டச் சொல்லுங்கோ, ஏணியைத் தரட்டாம்.'
ஒரு புத்தகத்துக்கா இவ்வளவு என்று
அம்மா கேட்டுக்கொண்டே இருந்தா.

எண்பத்தொன்று ஆனி முதலாம் திகதி
நாங்கள் கடை திறக்கவில்லை.
கொடியில் காய்ந்த வேட்டியிலும் சாம்பல்.
பின்னேரம் பெரியப்பா வந்தார். நேராகக் கேட்டார்:
'அது இருக்கோ?'
'இருக்கு.'
பிறகு இருவரும் தேத்தண்ணி குடித்தார்கள்.

தடைக் காலத்தில் கச்சான்காரி
வாசிக்கிறவர்களைவிடக் கூட விலை தந்தா, நிறைக்கு.
விற்றோம். அதை மறைக்கமாட்டேன்.
பஞ்சாங்கங்கள் முதலில் போயின.

தொண்ணூற்றைந்து ஐப்பசி மழைக்குள்
நாவற்குழிப் பாலத்தில் நாங்கள் கொண்டுபோனவை:
அரை மூடை அரிசி, தையல் மெசினின் தலை,
உரப்பையில் சுற்றிய அந்த ஒரு புத்தகம்.
இரு பக்கமும் தண்ணீருக்குள் இறங்கிச் சனம் நடந்தது.
ஆழம் எவ்வளவென்று
ஒருவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது கதவில்லை, அலுமாரியில்லை.
சட்டப் புத்தகங்கள் மட்டும் கிடந்தன.
அடுப்பெரிக்கக்கூட அவற்றை யாரும் விரும்பவில்லை.
அதிலிருந்துதான் திரும்பத் தொடங்கினோம்.

போன மாசம் அப்பாவின் அந்தியேட்டி.
முப்பத்திரண்டாம் நாள்
அவருடைய பெட்டியை நான் பிரித்தேன்.
எங்கள் வீட்டுக்கும் எங்கள் கடைதானே வரவேண்டும்.
உரப்பைக்குள் ஆழங்கள் அப்படியே இருந்தன.
பின்மட்டையைத் திறந்தேன். வலது மூலை.
டர என்று இருந்திருக்க வேண்டும்.
இருந்தது ஒரேயொரு எழுத்து:
போ.

பதிவேடு வருமானவரிக்காரனுக்கு.
பென்சில் எங்களுக்கு.
பெரியப்பாவுக்கும் பென்சில் வாசிக்கத் தெரியும்.

ரப்பரை எடுத்தேன். எடுத்த இடத்தில் வைத்தேன்.

நூலகத்தில் மேசைக்குப் பின்னால் ஒரு பெடியன்.
முத்திரையைக் கண்டதும் எழும்பிவிட்டான்.
பிறகு இருந்து, படிவத்தைத் தேடி எடுத்து,
'அன்பளிப்போ அக்கா, திருப்பிக் குடுக்கிறதோ?'
'திருப்பிக் குடுக்கிறது.'
'எடுத்தவற்ற பேர்?'

இளையதம்பி குலநாயகம் என்றேன்.
கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும்.
வாசித்துக்கொண்டிருந்த இரண்டு பேர்
நிமிர்ந்து பார்த்தார்கள்.