வந்த காரணம்

கொட்டாஞ்சேனையிலிருந்து கொம்பனித்தெருவுக்கு
ஓட்டோவில் டிரம் செற் ஏற்றினேன்.
பெரிய டிரம் என் மடியில்.
சிம்பல் இரண்டையும் சாரதி
தன் இருக்கைக்கு அடியில் செருகிக்கொண்டான்,
குழிக்குக் குழி அவை ஏதோ முறையிட்டன.
நாள் வாடகை எட்டாயிரம்.
கேட்டவள் நிறோஜினி, ஓவியக்காரி.
"யப்பானிலிருந்து மூன்று பேர் வருகினம், ஜாஸ்" என்றாள்.
எனக்குத் தெரிந்தது பைலா,
கல்யாண மண்டபத்துச் சினிமாப் பாட்டு,
மார்கழியில் கோயில் கொயருக்குக் கொஞ்சம் அடக்கமாக.

பழைய அரிசிக் களஞ்சியம்.
ஓவியம் எங்கே என்று தேடினேன்.
சுவரெல்லாம் கடதாசி:
பொலிஸ் பதிவுப் படிவங்கள்,
காபன் கொப்பியின் மங்கல் ஊதாவில்,
நூலால் ஒன்றோடொன்று தைத்து
கூரையிலிருந்து தரைவரை.
பெயர். வயது. நிரந்தர முகவரி.
கொழும்புக்கு வந்த காரணம்.
தங்கும் நாட்கள்.

எங்களிடமும் ஒன்று இருந்தது,
லொட்ஜ் கதவுக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறையில்,
இரவு தட்டினால் டோர்ச் வெளிச்சத்தில் காட்ட.
அதையெல்லாம் ஒருத்தி சேர்த்து வைத்துத் தைப்பாள் என்று
நான் நினைத்ததில்லை.

டிரம்மர் தொகுராவுக்கு அறுபது வயதிருக்கும்.
சப்பாத்தைக் கழற்றி
என் பெடலில் வெறுங்காலை வைத்தார்.
அது கிறீச்சிட்டது. எண்ணெய் போடாதது என் பிழை.
அவர் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார்,
என்னிடமா பெடலிடமா தெரியவில்லை.

பிறகு எழுந்து சுவரருகே போய்
கட்டங்களை விரலால் எண்ணினார்.
ஐந்து நிரல். நாலாவது அகலம்.
பேஸ் வாசிக்கும் மிட்ஸுயோவிடம் ஏதோ சொன்னார்,
அவள் ஆங்கிலத்தில் கேட்டாள்:
சில வரிகளில் நாலாவது கட்டம் வெறுமையாக இருக்கிறது.
அங்கே நிறுத்த வேண்டுமா?

நிறோஜினி கையிலிருந்த ஊசியைச்
சட்டைக் கொலரில் குத்தினாள்.
"அது அப்பா பொய் எழுத மறந்த இடம்" என்றாள்,
தமிழில், என்னைப் பார்த்து.
அவர்களுக்கு ஆங்கிலத்தில்:
ஓம், நிறுத்துங்கோ.

இரவு நாற்பது பேர், பாதிக்கு நுளம்புக்கடி.
அவர் தடி எடுக்கவில்லை.
ஈர்க்குமாற்றின் குட்டி மாதிரிக் கம்பிக் கற்றை,
அதால் என் ஸ்னேரின் தோலைத் தடவினார்.
எட்டு வருடமாக நான் அறைந்த தோல் அது,
இப்படி ஒரு சத்தம் தன்னிடம் இருப்பதாக
எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

எழுத்து அவருக்குத் தெரியாது. இலக்கம் தெரியும்.
வயதுகளை வாசித்தார்.
முப்பத்துநாலு. ஒன்பது.
அறுபத்தொன்றுக்குக் கற்றையைச்
சுழற்றிக்கொண்டே இருந்தார், முடியாதது போல.
மூன்று, வெறும் மூன்று தட்டு,
யாருடைய பிள்ளையோ.
இடையில் கரையோர ரயில் வந்து களஞ்சியத்தை உலுப்பியது.
சாக்ஸபோன்காரர் வாயை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்,
கடைசிப் பெட்டி இழுத்துப்போன சுருதியைப்
பிறகு அங்கேயே பிடித்தார்.

நான் பதினொன்றுக்காகக் காத்திருந்தேன்.
அந்த உறைக்குள் என் வயது அது.
வந்தது, வேறு யாருடையதோ.
அதன் பக்கத்தில் நாலாவது கட்டம் வெறுமை.
தொகுராவின் கை காற்றில் நின்றது.
மிட்ஸுயோ நரம்பை உள்ளங்கையால் அணைத்தாள்.
மேலே ஒரு மின்விசிறி மட்டும்
ஒன்றும் தெரியாத மாதிரிச் சுற்றிக்கொண்டிருந்தது.

முடிந்து நான் கழற்றும்போது
நிறோஜினி ஸ்னேரின் தோலைக் கேட்டாள்.
கம்பி வரைந்த வட்டங்கள் அதில், சாம்பல் நிறத்தில்.
மாட்டி வைக்கப்போகிறாளாம், விலை சொல்லச் சொன்னாள்.
ஏலாது என்றேன்,
சனிக்கிழமை மட்டக்குளியில் கல்யாணம்.

சனிக்கிழமை.
மாப்பிள்ளையின் நண்பர்கள் கதிரைக்கு மேல் ஏறிவிட்டார்கள்.
மூன்றாவது பைலாவில், ஏனென்று தெரியாது,
நாலாவது அடியை நான் அடிக்கவில்லை.
ஆடியவர்கள் ஆடினார்கள்.
கீபோர்ட் ஜெறாட் மட்டும் திரும்பி,
"என்னடா, மறந்திட்டியா?"

அடுத்த அடி வந்துவிட்டது.