காப்பறை

ஈசூன் பதினோராவது மாடியில்
குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள
அரசாங்கம் கட்டிக்கொடுத்த அறைக்குள்
ஒரு பின்பால் மேசை நிற்கிறது,
கால்களைக் கழற்றி, தலையை மடித்து.
அதன்மேல் பத்துக் கிலோ அரிசி, முறுக்கு அச்சு,
உடைந்த குடை.
"குண்டு போட்டா நாம எங்க போய் நிக்கிறது?"
மங்களேஸ்வரி ஒரே ஒருமுறை கேட்டாள்.

கூடத்தில் இன்னொன்று,
வயிறு திறந்த ஆர்கேட் பெட்டி.
அதன் கதவில் என் மகள்
பள்ளிச் சீருடையைக் காயப்போடுகிறாள்.

ஜொகூரில் மூடிய ஒரு கடையிலிருந்து
இரண்டும் லாரியில் வந்தபோது
சோதனைச்சாவடி அதிகாரி விளக்கடித்துப் பார்த்து
"இது ஓடுமா?" என்றார்.
"ஓடும்" என்றேன்.
ஒன்பது வருடமாக
அந்த ஒரு பொய்க்குத்தான்
ஈயம் பற்றவைத்தேன்.

இல்லை, முதல் இரண்டு வருடம்
ஆசை நிஜமாகவே இருந்தது.
சாங்கியில் இரவுப்பணி முடிந்து வந்து
விமானச் சக்கரத்தின் கிரீஸ் நகத்தில் இருக்கும்போதே
பம்பர் மூடிகளைப் பற்பசை போட்டுத் தேய்ப்பேன்.
திருகாணிகளைக் கோப்பிக் குவளைகளில் பிரித்துவைத்து
மார்க்கரில் எழுதினேன்:
இடது ஃபிளிப்பர்.
வலது ஃபிளிப்பர்.
தெரியவில்லை.
இப்போது 'தெரியவில்லை' மட்டும்
ஆறு குவளை.

ஃபியூஸ் போனால் கண்ணாடிக் குழலுக்குள்
ஒரு கறுப்புத் தெரியும்.
காயில் எரிந்தால் நாறும்.
இது எப்போது போனதென்று எனக்கே தெரியாது.
மல்டிமீட்டரின் சிவப்பு முனையை ஒரு கையிலும்
கறுப்பை மறு கையிலும் பிடித்து
என்னை அளந்திருந்தால்
பீப் என்றுதான் ஒலித்திருக்கும்.
கம்பி எங்கும் அறுபடவில்லை.
மின்சாரம்தான் வரவில்லை.

வேலையிடத்தில் நான் வேறு ஆள்.
கணக்கில் ஒரு திருகாணி குறைந்தால்
விமானம் நகராது.
நான் கையெழுத்துப் போடும்வரை
முந்நூறு பேர் மெல்பர்னுக்குக் காத்திருப்பார்கள்.
"உன் அப்பா எதையும் பாதியில விடமாட்டார்"
என்று ரஸ்லான் என் மகளிடம் சொன்னபோது
அவள் சீருடையைப் பார்த்தாள்,
அது தொங்கிய கதவைப் பார்த்தாள்,
சாருக்குத் தேநீர் வேண்டுமா என்று கேட்டாள்.

போன சனிக்கிழமை
வாங்குவதற்கு ஒருவர் வந்தார், கோ என்று பெயர்.
காலணியை வாசலில் நேராக வைத்துவிட்டு
அரிசி மூட்டையை அவரே இறக்கினார்.
கூடத்துக்கு இழுத்து வந்து
இருவருமாய்க் கால் மாட்டினோம்.
செருகியபோது உறுமல் கேட்டது.
பச்சை பூத்த மின்கலம் எப்படியோ தாங்கிக்கொண்டிருந்தது:
யாரோ ஒரு மூன்றெழுத்துக்காரர்
ஜொகூரில் ஓர் இரவு எடுத்த
நாற்பத்தேழு லட்சம்.
"மின்கலத்தை மாத்தினா இது அழிஞ்சிடும்" என்றேன்.
"பரவாயில்லை" என்றார்.
எனக்கும் பரவாயில்லைதான்.
ஆனாலும் அவர் சொன்ன வேகம் பிடிக்கவில்லை.

இடது ஃபிளிப்பர் துள்ளியது.
வலது ஃபிளிப்பர் செத்த மீனாய்க் கிடந்தது.
"இன்னும் எவ்வளவு வேலை இருக்கு?"
"கொஞ்சம்."
ஆயிரத்து இருநூறு வெள்ளி என்றார்,
யோசித்துச் சொல்கிறேன் என்றும் அவரேதான் சொன்னார்.
லிஃப்ட் கதவு மூடியது.

செருகியைப் பிடுங்கப் போனேன்.
மகள் நாணயத் துளைக்குள் விரலை விட்டு
இல்லாத காசுக்கு ஓர் ஆட்டம் எடுத்துவிட்டாள்.
"வலது பக்கம் என்னாச்சு?"
"குவளையில இருக்கு."
"எந்தக் குவளை?"
நான் சொல்லவில்லை.
அவளாகவே வாசித்துவிட்டு
சிரித்தாள், மூக்கிலிருந்து சத்தம் வரும்படி.

பணிக்குக் கிளம்ப இரண்டு மணி நேரம் இருந்தது.
சாலிடரிங் இரும்பு கைக்கெட்டும் தூரத்தில்.
நான் அதைத் தொடவில்லை,
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
அவள் இடது கையால் மட்டும் ஆடினாள்.
பந்து வலதுபுறம் விழுந்தபடியே இருந்தது,
மேசை அதைத்
திருப்பிக் கொடுத்தபடியே.